அண்ணனிடம் சொல்லாமல் வைத்துக்கொண்ட டிஸ்பாட்சர்

கிராண்ட் ஐலண்ட், நெப்ராஸ்கா
அக்டோபர் 19, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய அண்ணன் ஆர்லோ அவர்களுக்கு,

தம்பி வெண்டல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மார்லீன், வண்டியின் பதினெட்டுச் சக்கரங்கள் எல்லோரும் நலம். யூமாவில் நீங்களும் ஆபரேஷன் ஆன உங்கள் முழங்காலும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எனக்கு லோடு பிடித்துத் தர ஒரு டிஸ்பாட்சரை வைத்துக்கொண்டுவிட்டேன்.

கோபப்படாதீர்கள். "சொந்த வண்டிக்காரன் தன் லோடைத் தானே பிடிக்கணும்டா. அடுத்தவங்க போன்னா போறதுக்கும் வான்னா வர்றதுக்கும் கம்பெனி வண்டியே ஓட்டிட்டுப் போயிடலாமே" என்று நீங்கள் முப்பது வருடமாகச் சொல்லி வந்ததை நான் மறக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் என் மூத்த மகள் கல்யாணத்தன்று நான் ஒஹையோவில் ரிட்டர்ன் லோடு தேடிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது கேக்கில் மிஞ்சியிருந்தது அடியில் வைத்த அட்டைதான். இப்போது சின்னவள் கெல்சி கல்யாணம். மார்லீன் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டாள். "இந்தா பாரு வெண்டல், லோடு பிடிக்க ஒரு ஆளைப் போடு. இந்தக் கல்யாணத்துக்கும் நீ வந்து சேரலைன்னா, கெல்சியை நானே கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஒப்படைச்சுக்கறேன். நீ அந்த வண்டியிலயே குடித்தனம் பண்ணிக்கோ." கத்தியிருந்தால் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னாள் அண்ணா. அதுதான் பயமாக இருந்தது.

ஆள் ஜெனீவா டட்டில் அக்கா. ஹேஸ்டிங்ஸில் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்துகளை அனுப்பிக்கொண்டிருந்தவர். இப்போது தன் சமையலறை மேஜையில் உட்கார்ந்தபடி நாலு லாரிக்காரர்களை மேய்க்கிறார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "எந்தெந்தத் தேதியில நீ வீட்டுல இருக்கணும்?" இத்தனை வருட லாரி வாழ்க்கையில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கெல்சியின் கல்யாணத் தேதியை இரண்டு தடவை சொன்னேன்.

11-ஆம் தேதி சனிக்கிழமை கல்யாணம். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை டெக்சஸ் அமரில்லோவில் சரக்கை இறக்கியாயிற்று. ஜெனீவா அக்கா, "ஏம்பா, வீட்டுப் பக்கம் போற லோடு நான் பாத்துக்கறேன். நீ சாப்பிட்டுத் தூங்கு" என்றார். சாப்பிட்டேன். தூக்கம் எங்கே வருகிறது? வண்டிக்குக் காத்திருக்கும் சரக்கெல்லாம் பட்டியலாக வருகிற லோடு போர்டைப் போனில் திறந்தால், நம் ஊர்ப் பக்கம் லிங்கனுக்கு ஒரு லோடு நாய்ச் சாப்பாடு! உடனே அந்தச் சரக்குக்கு வண்டி தேடிக்கொண்டிருந்த ப்ரோக்கரைக் கூப்பிட்டேன். "ஏற்கெனவே ஒரு அம்மா கேட்டுட்டு இருக்காங்களே" என்றான். யாரோ ஒருத்தி என் மகள் கல்யாணத்தைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தம்மாவை விடக் குறைச்சு ஓட்டறேன்" என்றேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டு, "அவங்களும் இறங்கி வந்துட்டாங்க" என்றான். நான் இன்னும் இறங்கினேன், அந்தம்மா அதற்கும் கீழே இறங்கினார், நான் அதற்கும் கீழே போனேன், கடைசியில் டீசலுக்கே கட்டாத இடத்துக்கு வந்து ஜெயித்தும்விட்டேன். பெருமையாக என் பர்மிட் நம்பரைச் சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அந்தம்மா குடுத்ததும் இதே நம்பர்தானே?" என்றான். ஒரே வண்டிக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அவன் என்ன நினைப்பான்? ஏதோ மோசடிக் கும்பல் என்று இருவரையும் கழற்றிவிட்டு, லோடை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். காலி ட்ரெய்லரோடு டெக்சஸில் நின்றேன். அழுகையே வந்துவிட்டது அண்ணா.

ஜெனீவா அக்கா போன் செய்தார். "அரை மணி நேரமா யாரோ ஒரு மடையன் என்னோட மல்லுக்கட்டினான். அது நீதானா?"

"நான்தான்க்கா."

"ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர் உக்காந்தா அது எங்கப்பா போய் நிக்கும்? லோடு போர்டு பாஸ்வேர்டைச் சொல்லு."

சொன்னேன். உடனே அதை மாற்றிவிட்டார். புதுசு என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புதன் காலையில் ஒரு லோடு பிடித்துக் கொடுத்தார்: மாடுகள் நக்குகிற உப்புக்கட்டி, ஹேஸ்டிங்ஸுக்கு. நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம்! வியாழன் மத்தியானம் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மார்லீன் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிஜமாவே காலியா?" என்று கேட்டாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை மாதாகோயிலில் கெல்சி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "மெதுவாப்பா, பின்னாடி யாரும் ஹார்ன் அடிக்கல" என்றாள். கேக் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இப்போது லோடு தேட வேண்டாம், ப்ரோக்கர்களோடு தொண்டை கிழியக் கத்த வேண்டாம். ஜெனீவா அக்கா மூன்று வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நிம்மதி என்று சொல்லி மாளாது. நான் கண்ணெதிரிலேயே இருப்பதில் மார்லீனும் பூரித்துப்போயிருக்கிறாள். இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் ஆயிரத்திருநூறு மைல் தள்ளி நின்று எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் நிமிரவும், உங்கள் மனசு கொஞ்சம் வளையவும் கர்த்தர் அருள்வாராக.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
வெண்டல்

பி.கு.: ஸ்டாம்பு எடுக்கப் போனபோது, துணி துவைக்கும் அறையில் மார்லீன் போனில் கிசுகிசுப்பது காதில் விழுந்தது. "ஜெனீவா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்த மனுஷனுக்கு ஒரு லோடு பாருங்க. பத்து நாளாச்சு. கனமான டின்னெல்லாம் முன்னாடி, லேசானதெல்லாம் பின்னாடின்னு என் அலமாரியை ட்ரெய்லர் மாதிரி அடுக்கி வச்சிருக்காரு. சில்லிக் குழம்பு வைக்க பீன்ஸ் டின்னை முக்கால் மணி நேரம் தேடினேன். எவ்வளவு தூரமானாலும் சரி. ஆனா சனிக்கிழமைக்குள்ள திருப்பி அனுப்பிடணும். தனியா உக்காந்து சாப்பிட்டா எனக்கு இறங்காது."

கோபம் வந்திருக்க வேண்டும். அப்பாடா என்றுதான் இருந்தது அண்ணா. அங்கேயே நின்று பூட்ஸை மாட்டிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் ஜெனீவா அக்கா லோடு பிடித்துக் கொடுத்துவிட்டார், நாளைக் காலையில் கிளம்புகிறேன், யூமாவுக்கு. ஸ்டாம்பு மிச்சம். இந்தக் கடிதத்தை நானே உங்கள் கையில் கொடுக்கிறேன். தயவுசெய்து நான் கிளம்பிப் போன பிறகு பிரியுங்கள்.