கடற்பஞ்சும் வசந்தமலரின் முழங்காலும்

பள்ளிமுனை, மன்னார்.
12.08.2013

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் சிங்கராசா அவர்களுக்கு,

மண்டபம் அகதி முகாமில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா வசந்தமலரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத வழியில்லை. எழுதும் கையிலேயே இன்னும் வீக்கம் வற்றவில்லை.

அக்காவின் முழங்கால் வீக்கம் நீங்கள் அறிந்தது. முகாமை விட்டு ஊர் திரும்பியும் குறையவில்லை. ஆசுபத்திரி என்றால் மாட்டேன் என்கிறா. போன கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து ஜெனிஸ்ரா என்ற ஆராய்ச்சிக்காரப் பிள்ளை வந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தா. வலையில் சிக்கினால் பிய்த்தெறிகிற கடற்பஞ்சில் வீக்கத்தை வற்றச் செய்யும் பொருள் இருக்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிச்சத்தைக் கேட்காமல் எழும்பி வந்துவிட்டேன். மைத்துனர், மிச்சத்தில்தான் எல்லாம் இருந்திருக்கிறது.

நான் லொறி ஓடினவன், கடலைப் பற்றி என்ன தெரியும்? கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, நல்ல சிவப்பாக ஒரு பஞ்சைப் பிடுங்கிச் சாக்கில் போட்டு வந்து, அம்மியில் அரைத்து, அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மேரி ரோஸ் கதவைச் சாத்த, அக்காவின் முழங்காலில் அப்பிச் சீலையால் கட்டினேன். கை கழுவமுன்னம் நெருப்பாக எரிந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தா. அவிழ்த்துப் பார்த்தால் முழங்கால் இளநீர் அளவு. என் விரல்கள் மடங்கவில்லை. ஓட்டோ பிடித்து இருவரும் ஆசுபத்திரிக்குப் போனோம்.

செய்தி கேட்டு ஜெனிஸ்ரா வாட்டுக்கு ஓடி வந்தா.

"ஐயா, அதில நஞ்சும் இருக்கு, கண்ணாடித் தூள் மாதிரி முள்ளும் இருக்கு. ஒரு மூடைப் பஞ்சில ஒரு சிட்டிகை மருந்துதான் பிரிச்செடுக்கலாம். அதையும் இன்னும் எலிக்குத்தான் குடுத்துப் பாக்கிறம்."

"எலி என்னமாதிரி இருக்கு, பிள்ளை?" என்று அக்கா கேட்டா.

"சுகமா இருக்கு, அம்மா."

"ஓம், அதைப் பாக்கிறது நீங்களெல்லோ, இவரில்லையே."

எரிவுக்கு மருந்து போட்ட டொக்டர் பழைய வீக்கத்தையும் பார்த்து, நீர் எடுத்து, குளிசை தந்தார். இப்போது கால் மடங்குகிறது. ஆனாலும் ஒன்றும் அறியாத மனுசியை என் அவசரப்புத்தியால் வதைத்துவிட்டேன். நம்பித் தந்த நீங்கள் மன்னிக்க வேண்டும். இனிப் பஞ்சைத் தொடமாட்டேன்.

உங்கள் குடும்பத்துக்கு ஆண்டவர் துணை.

இப்படிக்கு,
அமிர்தநாயகம்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறன். உறையை ஒட்டச் சொல்லி அத்தான் என்னட்டைத் தந்தவர், வாசிச்சிட்டன். ஒண்டும் அறியாத மனுசியாம். அந்தச் சிவப்புப் பஞ்சு எரிக்கும் எண்டு சின்ன வயசில வலை உதறேக்க எங்கட அப்பா எங்கள் ரெண்டு பேருக்கும் சொன்னவரெல்லோ? தெரிஞ்சுகொண்டுதான் காலை நீட்டினனான். வீடு இருந்த இடத்தில கிணறு மட்டும் நிக்கிறதைக் கண்ட நாளில இருந்து உன்ர அத்தான் ஒருத்தரோடும் கதைக்கேல்லை. கூட்டத்துக்கும் நான்தான் துரத்தி விட்டனான். அண்டைக்குத்தான் இடுப்பில நனைஞ்ச சாரத்தோட ஓடி வந்து, வாய் திறந்து "மலர், காலை நீட்டு" எண்டவர். வேண்டாம் எண்டு எப்பிடியடா சொல்லுறது?