பலகை அமுங்கியபோது நான் இறக்கிய மூட்டை

நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. பெண் பார்க்கப் போனபோதுகூட என் பெயரை என் தாய்மாமன்தான் சொன்னார். அப்படிப்பட்ட நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சபை நடுவே கத்தியிருக்கிறேன். அன்றும் மாமனையே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

போடியிலிருந்து குரங்கணி போகும் சாலையில் புதிதாக ஒரு நடனப் பள்ளி கட்டினார்கள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி; மலை அப்படியே உள்ளே வந்து நிற்கும். அங்கே என் மகள் செல்விக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. ஆனால் தற்காலிகம்தான். பெற்றோர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அதைச் சரியாகச் செய்தால் வேலை நிலைக்கும்.

“அப்பா, நீ சும்மா பின்னாடி வந்தாப் போதும். யாராச்சும் பேசுனா சிரி” என்றாள்.

அது என்னால் முடிகிற வேலை. (சிரிப்பும் கொஞ்சம் கோணல்தான்.)

நான் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எங்கள் ஸ்டோரில் தரை சிமெண்டு; பலகை போட்ட பரண்மேல்தான் மூட்டைகளை அடுக்குவோம். காலுக்கடியில் பலகை அமுங்கினால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது யோசிக்கக் கூடாது. இருப்பதில் கனமான மூட்டையை முதலில் இறக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய கூடத்துக்குள் நுழைந்தோம். தரை முழுக்கப் பலகை, பளபளவென்று. செல்வி நடுவில் நின்று, துளிக்கூடக் கூச்சமில்லாமல், கையை விரித்துப் பேசினாள். இவளை நான்தானா பெற்றேன்? பெருமையில் என்னையறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

பலகை அமுங்கியது.

குதிகாலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். மறுபடியும் அமுங்கியது. கூடத்தில் முப்பது பேர். நட்டநடுவில், கட்டடத்தை வரைந்த இன்ஜினியர். நூறு கிலோவுக்குக் குறையாது. (எடை விஷயத்தில் என் கண் தப்பாது.)

“பலகை உளுத்துப்போச்சு! எல்லாரும் வெரசா எறங்குங்க!”

கத்தியது நான்தான். (தரையிலிருந்து எங்கே இறங்குவது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.) அந்தக் குரல் கண்ணாடியில் மோதித் திரும்புவதற்குள் இன்ஜினியர் என் முதுகில் இருந்தார்.

“யோவ், விடுய்யா! யாருய்யா நீ?”

“அசையாதீக சார், நெல தப்பிரும்!”

வராந்தாவில் இறக்கி, பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி நேராக நிறுத்தினேன். அடுத்த மூட்டைக்குத் திரும்பினால், பள்ளியின் பெரிய டீச்சரம்மா, “என்னையத் தூக்காதீங்க, நானே வர்றேன்!” என்று ஓடிவந்தார். அவர் பின்னால் மொத்தக் கூட்டமும்.

உள்ளே செல்வி மட்டும் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“எறங்கு ஆத்தா!”

அவள் அந்தப் பலகைமேலேயே எம்பிக் குதித்தாள். பலகை அமுங்கியது, தாங்கியது, மெல்ல அவளை மேலே அனுப்பியது.

“உளுக்கலப்பா. அடியில ரப்பர் வச்சிருக்கு. ஆடுற பிள்ளைக முட்டி போயிரக் கூடாதுன்னு வேணும்னே அப்பிடிக் கட்டிருக்காக.”

என் உயிர் போய்விட்டது. மகள் வேலையும் கூடவே போய்விட்டது என்று நினைத்தேன். அவளோ வாசலில் நின்றவர்களைப் பார்த்து, “இவரு எங்கப்பா. சிமெண்டுத் தரையில மூட்டை தூக்கியே முட்டி தேஞ்சவரு. இத்தன பேர்ல தரை அமுங்குதுன்னு கண்டுபிடிச்சது இவரு ஒருத்தர்தான்” என்றாள்.

சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த இன்ஜினியர்தான் முதலில் கைதட்டினார்.

நான் அப்போதாவது சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஒரு தடவை திறந்த வாய் மூடவில்லை.

“சார், எங்க ஸ்டோருக்கும் இப்பிடி ஒரு தரை போட்டுத் தருவீகளா?”

செல்விக்கு வேலை நிலைத்தது. புதிதாக வருகிறவர்களை இப்போதும் அவள் முதலில் குதிகாலால் தரையை மிதிக்கச் சொல்கிறாள். அதற்குப் பள்ளியில் ‘அப்பா மிதி’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு இன்னமும் காது சூடாகும், நெஞ்சு நிமிரும்.

வீட்டில்தான் மரியாதை இல்லை. கட்டில் லேசாகக் கிறீச்சிட்டால் போதும், “அடியே செல்வி, எந்திரி! உங்கப்பா கனமான மூட்டையத் தேடுறாரு!” என்று என் மனைவி கத்துவாள்.

கத்திவிட்டு முதலில் ஓடுவதும் அவள்தான்.