எட்டு வலது கைகள்

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் மொத்தம் எட்டு பேர். வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர் யேசுதாஸ். வாந்தி வரும் என்று சொல்லி முன் சீட்டைப் பிடித்துக்கொண்ட பத்மா. பின்னால் பத்மாவின் புருஷன் சேகர், மடியில் புளிசோற்றுத் தூக்கோடு. ரேவதி. ஷகீலா. மாடி வீட்டு அக்கா, தங்கை இரண்டு பேர் (பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்). கடைசியாக ஜன்னல் ஓரத்தில், இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் மணி பார்த்துக்கொண்டிருந்த நான். எட்டு பேருக்கும் ஓட்டு உண்டு. எட்டும் ஒரே வார்டு. அன்றைக்குப் பஞ்சாயத்துத் தேர்தல். வண்டி போய்க்கொண்டிருந்தது ஏலகிரிக்கு.

ஓட்டுச்சாவடி எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. மெதுவாக நடந்தாலே ஐந்து நிமிடத்தில் போய்விடலாம்.

ஆம்பூரைச் சுற்றி உள்ள ஷூ கம்பெனிகள் எல்லாம் ஓட்டுப் போடுவதற்காக அன்று சம்பளத்தோடு லீவு விட்டிருந்தன. எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருந்தார்கள். நாங்கள் 'சம்பளத்தோடு லீவு' என்ற இடம்வரை படித்துவிட்டு, மீதியைப் படிக்காமல் வேன் பேச ஆரம்பித்துவிட்டோம். (வேன் பேச வேறு ஆள் எதற்கு, என் வீட்டுக்காரரே வேன் வைத்திருக்கிறார். அப்படித்தான் நான் மாட்டினேன்.)

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு எந்த ஆபீஸ் படியில் கால் வைத்தாலும், யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று உள்ளங்கை வியர்க்கும். கேஸ் சிலிண்டர் வந்தால்கூட, கையெழுத்துப் போடும்போது ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல நடுங்குவேன். பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் நாலு கலரில் நாலு சீட்டுக் கொடுப்பார்கள், அதைத் தப்பாக மடித்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று மனதார நம்பியிருந்தேன். அதனால் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் தலைவலி வந்துவிடும்.

ஆனால் இந்தத் தடவை தலைவலி வரக்கூடாது. ஏனென்றால் வார்டு மெம்பருக்கு நின்றது குமாரி அக்கா.

குமாரி அக்காவும் நாங்களும் ஒரே லைன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் அவர் மிஷின், பக்கத்து டேபிளில் நான் தோல் ஓரத்துக்கு பிரஷ்ஷால் கலர் பூசுவேன். எங்கள் தெருவில் கடைசி வீடு அக்காவுடையது. தெருக் கால்வாய் பாதி தூரம் வந்து, என்ன கோபமோ, அப்படியே நின்றுவிட்டது. மழை பெய்தால் எங்கள் எல்லார் வீட்டுத் தண்ணீரும் சாக்கடையும் கைகோத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குள் போய்விடும். போன மழையில் அவர் மாமனாரைக் கட்டிலோடு தூக்கி பெஞ்சு மேல் வைத்தார்கள். அந்த மனுஷன் ஒரு ராத்திரி முழுக்க உத்தரத்தைத் தொட்டபடி படுத்திருந்தார். மனு கொடுத்துப் பார்த்து, கிராம சபையில் பேசிப் பார்த்து (அன்றைக்குக் கேட்பதற்கு ஆளே இல்லை, நாங்கள் எல்லோரும் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்), கடைசியில் அக்காவே நின்றுவிட்டார். பூட்டு சாவி சின்னம். சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு டிபன் டப்பாவாக வந்து கேட்டார்.

"போடுவீங்கதானே?"

"இன்னாக்கா இப்படி கேக்கற, உனக்குப் போடாம யாருக்குப் போடப் போறோம்" என்றோம். பொய் இல்லை. மனதாரச் சொன்னோம். எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வராததால், சொன்னது மனதில் அவ்வளவு நாள் தங்கவில்லை.

திட்டம் என்னவென்றால், பிள்ளைகளைப் பாட்டிகளிடம் விட்டுவிட்டு விடியற்காலை கிளம்பி, மத்தியானத்துக்குள் திரும்பி, சாயங்காலம் ஓட்டு. பத்மா போட்ட திட்டம். பத்மா பேசினால் எதிரில் இருப்பவர்களுக்குத் தாங்கள்தான் மக்கு என்று தோன்றிவிடும். அப்படி ஒரு குரல்.

மலை மேலே போய்ப் பார்த்தால் ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் அங்கேதான் இருந்தன. வேலூர் சுற்றுவட்டாரத்துக்கே அன்று ஜனநாயகம் ஏலகிரியில்தான் நடந்தது. படகுத்துறையில் நின்ற வரிசை எந்த ஓட்டுச்சாவடியும் பார்த்திராத வரிசை. பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், தடி ஊன்றியவர்கள், எல்லாரும் வெயிலில் பொறுமையாக நின்று தங்கள் கடமையைச் செய்தார்கள்.

நான் மணி பார்த்தேன். "பத்மா, கிளம்பலாம்டி. டைம் ஆவுது."

"இப்பதான வந்தோம். ஒரு ரவுண்டு போட்ல போய்ட்டு போலாம்."

"ஓட்டு முடிஞ்சிடும்டி."

"உன் ஒரு ஓட்டுல இன்னா, இந்த மலை பேந்துடுமா? கம்முனு சோத்த துன்னு."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சேகரோடு சேர்ந்து புளிசோற்றை முடித்துக்கொண்டிருந்தார். "ஸ்டெல்லா, நீ பேஜார் பண்ணாத. நான் ஓட்டுற ஓட்டுல அரை மணில எறக்கிடறேன்" என்றார்.

அவர் ஓட்டத் தயார்தான். ஆனால் மலை இறங்கும் வழியில், நடுவளைவில் ஒரு பஸ், திரும்ப முடியாமல், குறுக்கே நின்றுகொண்டிருந்தது. பின்னால் எல்லா ஊர் வண்டியும். நான் ஜெபம் பண்ணினேன், ஷகீலா துவா செய்தாள், மாடி வீட்டு அக்கா தங்கை வேண்டிக்கொண்டார்கள். மூன்று பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லை. நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது பள்ளிக்கூட வாசலில் ஓட்டுப்பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனையில் குமாரி அக்கா நின்றிருந்தார். வண்டியை நிறுத்தி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். குரல் கம்மியிருந்தது. நாள் முழுக்க வீடு வீடாக ஆள் கூப்பிட்டிருக்கிறார்.

"எல்லாரும் போட்டுட்டீங்களா?"

எட்டு பேரும் கையை மடியில் ஒளித்துக்கொண்டோம். பத்மாதான் பேசினாள். "காலைல மொத வேலையே அதான்க்கா. போட்டுட்டுதான் கெளம்புனோம்."

"நான் அப்ப ஆள் கூப்பிட போயிருந்தேன் போல. அதான் பாக்கல" என்று எங்களுக்காக அவரே காரணமும் சொன்னார். "நல்லா இருங்கம்மா. நாளைக்குக் கம்பெனில பாக்கலாம்."

எட்டு பேரும் எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் நான் கேட்டேன். "நாளைக்கு வெரல பாப்பாங்க. மை இல்ல. இன்னாடி பண்றது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் என் வீட்டு அலமாரியைப் பார்த்தார்கள். அங்கே வீட்டில் பீஸ் வேலைக்காக நான் வைத்திருந்த கலர் பாட்டில்கள். பெல்ட் ஓரத்துக்குப் பூசுவது. கருப்பு, நேவி புளூ, டார்க் பிரவுன்.

கலர் மேட்ச் பண்ணுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, இத்தாலிக்காரன் ஆர்டரில் ஒரு ஷேடு மாறாமல் செய்து கொடுத்தவள் நான். நேவி புளூவில் பிரவுனைக் கலந்தேன், மேலே ஒரு சொட்டு கருப்பு. அச்சு அசல் ஓட்டு மை. ஆனால் கம்பெனியில் சாம்பிள் வந்து, மேனேஜர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவோம். சாம்பிள் இல்லாமல் நான் வேலை செய்தது அன்று ஒருநாள்தான்.

"எந்தக் கைல வைப்பாங்க?" என்று கேட்டேன்.

எட்டு பெரியவர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

"எனக்கு எடதுன்னு ஒரு ஞாபகம்" என்று ரேவதி இழுத்தாள்.

"லூசா நீ?" என்றாள் பத்மா. "ஓட்டு நல்ல காரியம். நல்ல காரியத்துக்கு யாராவது பீச்சாங்கைய நீட்டுவாங்களா?"

எட்டு வலது கைகள் வரிசையாக நீண்டன. எட்டு ஆட்காட்டி விரலிலும் நகமும் தோலும் சேருமிடத்தில் நறுவிசாகக் கோடு போட்டேன். காய்ந்ததும் லேசாக பாலிஷ்கூடத் துடைத்துவிட்டேன். பழக்க தோஷம்.

மறுநாள் லைனில் குமாரி அக்கா சாக்லேட் டப்பாவோடு வந்தார். ரிசல்ட் வர இன்னும் நாள் இருந்தது, ஆனாலும் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். நாங்கள் விரலைத் துருத்திக்கொண்டு எடுத்தோம். ஷகீலா எடுத்தாள். ரேவதி எடுத்தாள். பத்மா கல்யாணத்தில் மோதிரம் காட்டுவதுபோல் விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எடுத்தாள். என் முறை வந்தபோது அக்கா கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

"ஸ்டெல்லா, உனக்கு மை வச்சது யாரு?"

"ஒரு சார்க்கா. கண்ணாடி போட்டவரு."

"ம்."

அப்போதுதான் டப்பாவைப் பிடித்திருந்த அவருடைய இடது கையைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலில் கருப்புக் கோடு.

அவர் டப்பாவை மூடிக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டார். அன்று நான் கலர் பூசிய அத்தனையும் ரிஜெக்ட். சாப்பாட்டு வேளையில் பாத்ரூமில் அவசரக் கூட்டம் கூடியது. தின்னர் போட்டுத் தேய்த்தோம். போகவில்லை. மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் போகக் கூடாது என்று தயாரித்த கலர் அது. மாடி வீட்டுத் தங்கை, "இடது கைலயும் வச்சிக்கலாமா?" என்றாள். "ரெண்டு கைலயும் இருந்தா கள்ள ஓட்டுன்னு உள்ள வச்சிடுவாங்கடி" என்று நான் அழ ஆரம்பித்தேன்.

ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் சேதி வந்தது. குமாரி அக்கா தோற்றுவிட்டார். ஐந்து ஓட்டில்.

எதிரில் நின்றவர் ஒரு மேஸ்திரி. எங்கள் தெருப் பக்கம் வந்ததே இல்லை. ஆனால் அவருக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி, அவர்கள் அன்று எங்கேயும் டூர் போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வண்டிக்கு டீசல் போடப் போய்விட்டார். (முதல்நாள்தான் டேங்க் நிரப்பியிருந்தார்.) அக்கா உட்காரவில்லை. இடது கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய மை மங்க ஆரம்பித்திருந்தது. என்னுடையது பளபளவென்று இருந்தது. எக்ஸ்போர்ட் குவாலிட்டி.

"நல்லா பூசியிருக்க" என்றார்.

"அக்கா, நான் சொன்னேன்க்கா, டைம் ஆவுதுன்னு சொன்னேன்..."

"மலைக்குப் போனதுகூட பரவால்ல ஸ்டெல்லா. உக்காந்து கலர் கலந்திருக்க பாரு. எனக்குக் காட்றதுக்கு எடுத்துக்கிட்ட நேரத்துல பாதி, பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தா முடிஞ்சிருக்கும்."

வாயைத் திறந்தால் இன்னொரு பொய் வந்துவிடும் போலிருந்தது.

"மழை வரப் போவுது" என்றார் அக்கா. "மேஸ்திரி கால்வாய் வெட்ட மாட்டாரு. நீங்கதான் வெட்டணும். அன்னிக்குச் சம்பளத்தோட லீவு குடுத்தாங்களே, எதுக்கு?"

"ஓட்டுப் போட."

"போட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப அந்தக் காசு உன்னுது இல்ல. ஏழு பேர் ஒருநாள் சம்பளம், உன் வீட்டுக்காரரோட அன்னிக்கு வேன் வாடகை. ஜேசிபி வாடகைக்கு வெச்சிக்கறேன். பத்மாகிட்டயும் நீதான் வாங்கித் தர."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஜேசிபி வந்தது. நின்றுபோன இடத்திலிருந்து அக்கா வீட்டைத் தாண்டி ஏரிக் கால்வாய் வரைக்கும் வெட்டினார்கள். ஓரத்தைச் சரிசெய்ய மண்வெட்டியோடு நாங்கள் இறங்கினோம். தெருவே கூடி நின்று பார்த்தது. ஓட்டுக்கு வராத கூட்டம் எல்லாம் ஜேசிபி பார்க்க வந்திருந்தது. அந்த வருஷ மழையில் அக்காவின் மாமனார் கட்டில் தரையிலேயே இருந்தது. மழைக்கு மறுநாள் அக்கா வீட்டிலிருந்து எனக்கு ஒரு தட்டு கேசரி வந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்து வந்த பஞ்சாயத்துத் தேர்தலில் காலை ஏழு மணிக்குச் சாவடி திறக்கும்போது வாசலில் முதல் ஆள் நான்தான். சீட்டு மடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, போலீஸ்காரர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மை வைக்கும் அம்மாவிடம் மட்டும் பதற்றத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் தேர்தலே ஒரு நிமிடம் நின்றது. இப்போதும் வீட்டில் நான் எதையாவது சத்தியம் பண்ணிச் சொன்னால் என் பெரிய பையன், "எந்தக் கைம்மா?" என்பான். சின்னவன் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்கட்டும். கிராம சபைக்கு இப்போது நான் கூப்பிட்டால் தெருவிலிருந்து பத்து பேர் வருகிறார்கள். வராதவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். பயந்தவளுக்குப் பயமுறுத்தவும் நன்றாகத் தெரியும்.

ஜேசிபி பணத்தில் ஏழு பேர் பங்கு வந்துவிட்டது. சேகர்கூடக் கொடுத்துவிட்டார். பத்மா மட்டும், "நான் எந்த எலெக்‌ஷன்லயும் போட்டதில்ல, இந்த ஒண்ணுக்கு மட்டும் எதுக்கு தண்டம்?" என்று ஒவ்வொரு சம்பள நாளிலும் வாதாடிக்கொண்டிருக்கிறாள். குமாரி அக்காவும் விடுவதாக இல்லை, நானும் விடுவதாக இல்லை. வர வேண்டிய பாக்கி, இன்றைய தேதி வரை, நானூற்றுப் பத்து ரூபாய்.