புனோ அண்ணன் அனுப்பிய அண்டா

காரைக்குடியில் இருந்துகொண்டே பெரு நாட்டில் குடித்தனம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் புனோ அண்ணன்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் காசி யாத்திரைக்கு ஆள் சேர்ப்பது தொழில். எப்போதோ போனில் ஆண்டிஸ் மலையிலிருக்கும் புனோ மாகாணத்தின் படத்தைப் பார்த்தவர், அதோடு சரி, மூச்சுக்கு மூச்சு புனோ புராணம்தான்; அவர் சொந்தப் பெயரையே ஊர் மறந்துபோனது.

காசிக்குப் பெயர் கொடுக்க வந்த கல்லல் ஆச்சியையும் அவர் விடவில்லை.

“காசி எங்க ஆச்சி போகப்போகுது? புனோவுக்கு வாங்க. மலை உச்சியில கடல் கணக்கா ஏரி! கோரையக் கட்டி மிதக்கவிட்டு, அது மேல குடியிருக்காக!”

“கானாடுகாத்தான்ல அரமணை கணக்கா வீடெல்லாம் பூட்டிக் கெடக்கு. புல்லு வீட்டப் பாக்க அம்புட்டு தூரம் வரணுமாக்கும்?”

ஆனாலும் ஆச்சிதான் முதலில் பாஸ்போர்ட் எடுத்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் டாக்டர் குண்டு போட்டார். அத்தனை உயரம் அண்ணன் இதயத்துக்கு ஆகாதாம். பயணத்தையே நிறுத்திவிடலாம் என்றோம்.

“நான் வரலேன்னா ஏரி வத்திருமா? போயிட்டு வாங்க” என்றார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

சமையல்காரர், பொன்னி அரிசி, பெரிய அண்டா எல்லாம் அவர் ஏற்பாடு. குக்கர் சோறு கட்டுச்சோற்றுக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. புனோவில் விடிந்ததும் உலை வைத்தோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது; அரிசி அசைந்து கொடுக்கவில்லை. அந்த உயரத்தில் கொதிக்கிற தண்ணீருக்குச் சூடு பற்றாதாம். கட்டுச்சோறு இல்லாமலேயே கோரைத் தீவுக்குப் படகேறினோம். வீடியோவில் அண்ணன் வந்தார். காரைக்குடியில் அப்போது சாயங்காலம்.

“யோவ், சோறு வேகலய்யா!” என்றார் ஆச்சி.

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஐயோ, இத மறந்துட்டேனே! என்ன சாப்பிட்டீக?”

“அவிச்ச உருளக்கெழங்குதான்.”

“அது பொறந்த எடமே அங்குட்டுத்தான் ஆச்சி! குடுத்து வச்சவுக!”

திட்டத் தொடங்கிய ஆச்சி சிரித்துவிட்டார். பிறகு என்னிடம், “ஏரிப் பக்கமா போனத் திருப்புப்பா. அவுக பாக்கட்டும்” என்றார்.

திருப்பினேன். நீலத் தண்ணீர், கோரைத் தீவு, தூரத்தில் பனிமலை.

“தெரியுதாண்ணே?”

“ம்” என்றார். “இன்னுங் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பா.”

படகு கரை சேரும்வரை கையை இறக்க எனக்கு மனசு வரவில்லை.