டைம்கீப்பர் தனியாக மணிக்கூண்டு பார்த்தது

வலது கையைப் பின்பக்கம் நீட்டியபடி டைம்கீப்பர் நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில் வந்து விழவில்லை. விரல்களை அசைத்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. எரிச்சலோடு திரும்பினால், முன்பின் தெரியாத ஒரு பருத்த மனிதர் அந்தக் கையையே குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதைக்கு அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவி ஓட்டல் அறையில் இருக்கிறாள். தண்ணீர் பாட்டிலும் அவளோடு இருக்கிறது.

ஓய்வு பெறும்வரை பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். ஊரிலுள்ள பஸ்களையெல்லாம் விசில் ஊதிக் கிளப்பிவிட்டு, தான் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் இறங்கினால் அவர் முன்னால் நடப்பார், மனைவி பையோடு பின்னால் வருவாள். தண்ணீர், மூக்குக்கண்ணாடி, மாத்திரை, கைக்குட்டை எல்லாம் அந்தப் பைக்குள். ஏதாவது வேண்டுமென்றால் அவர் திரும்பக்கூட மாட்டார், கையை மட்டும் பின்னால் நீட்டுவார். தாகத்துக்கு நீட்டுகிறாரா தும்மலுக்கு நீட்டுகிறாரா என்று அவளுக்கு அவர் முதுகைப் பார்த்தே தெரியும்.

மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிய வெளிநாட்டுப் பயணம் இது. இன்று காலையில்தான் வம்பு ஆரம்பித்தது.

"முழங்கால் பிடிச்சுக்கிச்சுங்க. இன்னிக்கு என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. நீங்க போய் மணிக்கூண்டைப் பார்த்துட்டு வாங்க" என்றாள் மனைவி, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு.

"நீ இல்லாமலா?" என்று வாய் தவறிக் கேட்டவர், உடனே சமாளித்தார். "அதாவது, நீ இல்லாட்டி எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? இன்னும் வேகமாவே பார்த்துட்டு வந்துடுவேன்."

"அது எங்க இருக்கு, இது எங்க இருக்குன்னு எனக்கு போன் பண்ணாம ஒரு பகல் முழுக்க இருந்துடுவீங்களா?"

"பந்தயம் கட்டுறியா?"

"கட்டுறேன். சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு தடவை போன் பண்ணி 'எங்க'ன்னு கேட்டாலும், நாளையிலேர்ந்து நான் முன்னால நடப்பேன். நீங்க பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வரணும்."

"நான் ஜெயிச்சா?"

"ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் முழங்கால் வலின்னு வாயைத் திறக்க மாட்டேன். ஆனா மேல ஏறிப் பார்க்கணும், போட்டோ அனுப்பணும். சும்மா கீழேயே நின்னுட்டு வந்து கதை விடக் கூடாது."

டைம்கீப்பர் பையைப் பார்த்தார். தட்டு தட்டாகச் சூரியகாந்திப் பூ அச்சடித்த மஞ்சள் பை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடப்பது போல நினைத்துப் பார்த்ததுமே அவருக்கு வியர்த்தது. ஜம்பமாக எழுந்து, சட்டையை உதறி, தொப்பியை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பிவிட்டார்.

இப்போது மணிக்கூண்டுச் சதுக்கத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. உலகத்து ஜனம் முழுவதும் அன்றைக்கென்று அங்கே கூடியிருந்தது. அண்ணாந்து பார்த்தால் மணிக்கூண்டு வானத்துக்கும் பூமிக்குமாக நின்றது. அடிவாரத்தில் சின்னதாக ஒரு வரிசை. போய்ச் சேர்ந்துகொண்டவரிடம் வாசல்காரர் டிக்கெட் கேட்டார். சட்டைப்பையைத் துழாவினார். போனும், மனைவி என்றைக்கோ செருகி வைத்த ஓட்டல் விலாசச் சீட்டும் மட்டும் வந்தன. பர்ஸ் எங்கே என்று அவருக்கு நன்றாகவே தெரியும். சூரியகாந்திக்குள்.

திரும்பி அறைக்குப் போகலாம். போனால் அவள் சிரிப்பாள். எனவே சுற்றுமுற்றும் பார்த்தார். எதிர்ப்புறக் கட்டிடத்துக்குள் இதைவிட நீளமான இன்னொரு வரிசை போய்க்கொண்டிருந்தது. அதில் யார் கையிலும் டிக்கெட் இல்லை.

நீளமான வரிசையைக் கண்டால் நம்மவர்களுக்குக் கால் தானாகப் போய் நின்றுவிடும். எதற்கு என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். வாசலில் பெரிய பலகை ஒன்று இருந்தது. அந்த ஊர் எழுத்துக்குக் கீழே பொடி ஆங்கிலத்திலும் ஏதோ போட்டிருந்தார்கள். படிக்கக் கண்ணாடி இல்லை.

"வயசானவங்களுக்கு இந்தப் பக்கமா ஓசியில ஏத்திவிடறாங்க போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றார்.

வாசலில் வெள்ளை உடுப்புப் பெண் என்னவோ கேட்டாள். டைம்கீப்பர் தலையை ஆட்டினார். மறுபடி என்னவோ கேட்டாள். மறுபடி ஆட்டினார். தெரியாத பாஷையில் எதைக் கேட்டாலும் ஆட்டிவிடுவது அவர் வழக்கம். மறுத்தால்தானே காரணம் சொல்ல வேண்டும்!

உள்ளே ஏசி ஜில்லென்றிருந்தது. மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். இன்னொரு பெண் வந்து, அவர் தலையைப் பதமாகச் சாய்த்து, இரண்டு கண்ணிலும் சொட்டுச் சொட்டாகக் குளிர்ச்சியாக எதையோ விட்டாள். வெயிலில் வந்தவர்களுக்குக் கண்ணைக் குளிரவைத்து மேலே அனுப்புகிறார்கள், என்ன மரியாதை, என்ன உபசாரம் என்று டைம்கீப்பர் நெகிழ்ந்துபோனார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டர் வந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். அவருடைய அரைகுறை ஆங்கிலத்தையும் இவருடைய டிப்போ ஆங்கிலத்தையும் அப்படியே எழுதினால் இரண்டு தேசத்துக்கும் மனஸ்தாபம் வரும். தமிழிலேயே சொல்லிவிடலாம்.

"கண்ணு நல்லா இருக்கு பெரியவரே. வெள்ளெழுத்து மட்டும்தான்."

"ரொம்ப சந்தோஷம். மணிக்கூண்டுக்கு எந்தப் பக்கமா ஏறணும்?"

"அது எதிர்ல இல்ல இருக்கு? இது இலவசக் கண் முகாம். மருந்து விட்டிருக்கோம், சாயங்காலம் வரைக்கும் எல்லாம் மங்கலாத்தான் தெரியும். வெயில்ல சுத்தாதீங்க."

போகும்போது ஒரு கறுப்புக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி அனுப்பினார்கள். வெளியே வந்தால் ஊரைக் காணோம். ஒரே வெளிச்சம், அதற்குள் நிழல் நிழலாக ஜனங்கள். போன் அடித்தது. மனைவிதான்.

"எங்க இருக்கீங்க?"

"நீதான் இப்ப 'எங்க'ன்னு கேட்டே. நான் கேக்கல. ஞாபகம் வச்சுக்க."

"சரி சரி. மணிக்கூண்டு பார்த்தாச்சா? போட்டோ எங்க?"

"இதோ அனுப்புறேன்" என்று வைத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலாபுறமும் பார்த்தார். ஒரு பக்கம் உயரமாக என்னவோ தெரிந்தது. படமெடுத்துத் தட்டுத் தடுமாறி அனுப்பினார். அது பக்கத்துக் கட்டிடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி.

சற்று நேரத்தில் மறுபடி போன்.

"போட்டோ வந்துச்சுங்க. மணிக்கூண்டு என்ன, உருண்டையா இருக்கு?"

"பழைய காலத்துக் கட்டிடம். அப்பல்லாம் அப்படித்தான் கட்டுவாங்க."

"கடிகாரத்தைக் காணோமே?"

"அது அந்தப் பக்கம் இருக்கு."

"மேல ஏறினீங்களா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மஞ்சள் பை கண்முன் வந்து நின்றது. கண்ணில் மருந்து விட்டும் அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"ஏறியாச்சு. இப்ப உச்சியிலதான் நிக்கிறேன்."

"இப்பவா? உச்சியிலயா?"

"பின்னே? நாலு பக்கமும் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

"கூட்டமா இருக்கா?"

"ஈ காக்கா இல்ல. நான் ஒருத்தன்தான்."

"ஓஹோ. காத்து எப்படி?"

"ஆளையே தூக்குது. ஆமா, உன் பக்கம் என்ன ஹோன்னு சத்தம்?"

"ஃபேனுங்க. வேகமா வச்சிருக்கேன். பார்த்து, விளிம்புகிட்டப் போகாதீங்க" என்று மிகுந்த கரிசனத்தோடு சொல்லிவிட்டு வைத்தாள்.

பொய் சொன்னதில் தொண்டை வறண்டது. பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். டங்கென்று உள்ளங்கையில் ஒரு நாணயம் விழுந்தது.

கறுப்புக் கண்ணாடியும் நீட்டிய கையுமாகத் தான் எப்படித் தெரிகிறோம் என்பது அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் காது வரைக்கும் சூடேறியது. ஒரு டிப்போவையே ஆட்டிவைத்த கை! நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று, போன நிழலைத் துரத்தி, "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்று கையை நீட்டினார். அந்த நிழல் வேறு யாரோ. இன்னொரு நாணயம் விழுந்தது. பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிப்பதற்குள் தொப்பிக்குள்ளும் இரண்டு விழுந்தன.

அங்கேயே நின்றால் ஆபத்து என்று நகர்ந்தார். நகர்ந்தவரை ஒரு புண்ணியவதி கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டாள். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. திரும்பலாம் என்று ஓரத்தில் நின்றபோது, இன்னொருவர் ஓடிவந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். நல்லவர்கள் நிறைந்த ஊர். எத்தனை முறை சாலையைக் கடந்தார் என்பது அவருக்கே தெரியாது.

கடைசியில் நிழலாக ஒரு பெஞ்சு காலில் தட்டுப்பட்டது. பக்கத்தில் தண்ணீர் விற்பவனின் குரல். தொப்பியை அவனிடம் கவிழ்த்து ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தார். வாழ்க்கையில் அவர் வெளிநாட்டில் சம்பாதித்த முதல் வருமானம் அது.

எதிரே மங்கலாக ஒரு நிழல், குடையைக் காற்றில் விட்டுவிட்டுத் துரத்திக்கொண்டு ஓடியது. குடை நிற்கும், நிழல் குனியும், குடை மறுபடி ஓடும்.

"இந்தக் கூத்தைப் பாரேன்" என்று டைம்கீப்பர் சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பிச் சொன்னார்.

பின்னால் யாருமில்லை. இவ்வளவு நாளும் பின்னால் வந்துகொண்டிருந்தது பை மட்டுமல்ல என்று தோன்றியது. அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று போனை எடுத்தார். விரல் அவள் படத்துக்கு மேலேயே நின்றது. 'நான் எங்க இருக்கேன்?' என்று கேட்டால் பந்தயம் போச்சு. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மனிதர் தோற்றுவிட்டார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு போலீஸ்காரர் வந்தார். டைம்கீப்பர் அவரிடம் விலாசச் சீட்டைக் காட்டினார். போலீஸ்காரர் சிரித்துவிட்டுத் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போனார். ஓட்டல் அடுத்த தெருவிலேயே இருந்தது.

அறைக்குள் தைல வாடை தூக்கியடித்தது. மனைவி கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அவள் முகம் வெயிலில் வாடியது போலச் சிவந்து தெரிந்தது. கண் மருந்தின் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

"வந்துட்டீங்களா? எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"மேலேர்ந்து என்ன தெரிஞ்சுது?"

"எல்லாம்தான். ஊரு, வீடு, தெரு..."

"ஆறு தெரிஞ்சிருக்குமே?"

"ஆறும் தெரிஞ்சுது. அதுபாட்டுக்குப் போச்சு."

"ஒரு தடவைகூட நீங்க போன் பண்ணலியே. நான்தான் பண்ணினேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க. இனிமே முழங்கால்னு பேச மாட்டேன், போதுமா?"

டைம்கீப்பர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜெயித்தவர் போல உட்காரவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தா பாரு" என்றார் மெதுவாக. "தனியாப் பார்க்கறதுல ஒரு ருசியும் இல்ல. சிரிப்பு வந்தா யார்கிட்டச் சொல்றது? நாள் முழுக்கப் பின்னால திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்துதான் வலிக்குது. வலி குறைஞ்சா நாளைக்கு நீயும் வா. மெதுவா நடக்கலாம். பக்கத்துலயே வா, பின்னால வர வேணாம்."

"அப்புறம் பையை யாரு தூக்குறது?"

"நானே தூக்கிட்டுப் போறேன் போ. பூ போட்டிருந்தா என்ன, உடம்புல ஒட்டிக்கவா போகுது?"

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. போர்வை நுனியை முறுக்கிக்கொண்டு, "ஏங்க, நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. டைம்கீப்பர் போய்த் திறந்தார். கையில் சின்னக் கொடியோடு, ஓட்டலின் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாகப் போகும் தமிழ்ப் பெண் நின்றிருந்தாள். அவருக்கு ஒரு வணக்கத்தைப் போட்டுவிட்டு, அவர் தோளுக்கு மேலாகக் கட்டிலைப் பார்த்து உற்சாகமாகக் கேட்டாள்:

"அம்மா, நாளைக்கும் முழங்கால் வலி உண்டுதானே? மணிக்கூண்டுல எல்லாரையும் முந்திக்கிட்டு உச்சிக்கு ஏறினவங்களுக்குத்தான் முன் சீட்டுன்னு டிரைவர் இப்பவே பிடிச்சு வச்சிருக்கார்!"