குறை சொல்லிக் குடியேறினேன்

ஓய்வு பெற்ற அன்றே சபதம் எடுத்தேன். இனி எந்தப் பதவியும் வேண்டாம். எந்தக் கூட்டமும் வேண்டாம். தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயிலில் கால் நீட்டிப் படுப்பேன். ரேடியோவில் பேஸ்பால் கேட்பேன். அவ்வளவுதான்.

நான் குக்கர் கம்பெனியில் தரப் பரிசோதகன். குறை கண்டுபிடித்தே தலை நரைத்தவன். ஓய்வுக்குப் பிறகு குக்கர் இல்லை. மனைவி ஃபுசாயே இருந்தாள். மிசோ சூப்பில் உப்பு, மடித்த மெத்தையில் சுருக்கம் என்று நாள் முழுக்க அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நல்லதற்குத்தான்.

ஒரு நாள் ஆரம்பித்தாள்.

“என்னங்க, வாடகை வீட்டுல இருந்தது போதும். மிதோரிகாவோகாவுல ஒரு அடுக்குமாடி வீடு விலைக்கு வருது.”

“புதுசா?”

“பழசு. நம்ம கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் கட்டினது.”

“அப்ப விரிசல் விட்டிருக்கும்.”

“நம்மள மாதிரியே இன்னும் விழாம நிக்குதாம்.”

நேராக மறுத்தால் தோற்பேன். அனுபவம். எனவே ஒரு தந்திரம். போவது, குறையாகச் சொல்லித் தள்ளுவது. அவளே வேண்டாம் என்று ஓடிவந்துவிடுவாள்.

தரகன் நெசு அழைத்துப் போனான். படிக்கட்டிலேயே தொடங்கினேன்.

“கைப்பிடி துரு.”

“ஆமாங்க ஐயா.”

“லிஃப்ட் இல்ல.”

“மன்னிக்கணும் ஐயா.”

“சுவர்ல விரிசல். குழாய் எல்லாம் கட்டடத்தோட வயசு. மொட்டைமாடி ஒழுகும். போய்ப் பாக்கவே வேண்டாம், இந்தக் கறையே சொல்லுது.”

நெசு மன்னிப்புக் கேட்டுக் குனிந்தான். நிமிர அவகாசம் கொடுக்கவில்லை.

கீழே குப்பைக் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்த கிழவிகள் துடைப்பத்தோடு பின்னாலேயே ஏறி வந்தார்கள். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்கள். ஒகிட்சு என்ற அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டடத்தைத் திட்டியதில் மனசு புண்பட்டுவிட்டது போலிருக்கிறது. படட்டும்.

“பாத்தியா? தலைமேல இடிஞ்சு விழும்” என்றேன் மனைவியிடம்.

“அடேயப்பா, எத்தனை குறை!” முகம் மலர்ந்தது. “வாங்கிடலாங்க.”

“காது கேக்குதா உனக்கு?”

“நல்லாக் கேக்குது. அந்த ஜன்னலப் பாருங்க.”

பார்த்தேன். தெற்கு வெயில் தரையில் பதித்த பாய் முழுக்க விரிந்து கிடந்தது. சற்று உட்கார்ந்தேன். எழுந்தபோது பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக என் முத்திரை விழுந்திருந்தது.

குடிவந்த மறுநாள், புதிதாக வந்தவர்கள் கொடுக்கும் வழக்கப்படி, பரிசாகக் கைத்துண்டுகளை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கம் போனோம். முதல் கதவு ஒகிட்சு அம்மாளுடையது.

“வாங்க தலைவரே!”

“யாரு தலைவர்?”

“நீங்கதான். குடியிருப்போர் சங்கத்துக்கு. சாரம் கட்டிக் கட்டடம் பூரா பழுது பாக்கணும். ஒப்பந்தக்காரன்கிட்ட வாயாட ஆளில்லாம தவிச்சோம். நாங்க எல்லாம் எண்பதைத் தாண்டியாச்சு. உங்களுக்கு எழுபதுகூட ஆகலையாமே, இளவட்டம்! குறை சொல்லவே பொறந்த ஒருத்தர் இருக்காருன்னு உங்க வீட்டம்மா முன்னாடியே சொன்னாங்க. நாங்க நம்பல. அன்னிக்குப் படிக்கட்டுல கேட்டோம் பாருங்க…” மறுபடி கண்ணைத் துடைத்தாள்.

ஆனந்தக் கண்ணீர்.

வீட்டுக்குள் வந்து கத்தினேன்.

“ஏண்டி, இது சதி!”

“புது வீடு வாங்கினா அதுல குறையே இருக்காதுங்க. அப்புறம் நாள் பூரா என்னைத்தானே பாத்துக்கிட்டிருப்பீங்க?”

“இது எத்தனை காலத்துக்கு?”

“உங்களவிடச் சின்னவங்க யாராவது குடிவர்ற வரைக்கும்.”

ஆக, ஒரு வழி இருந்தது. மேல்மாடி வீட்டைப் பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் புகழ்ந்தேன். துருப்பிடித்த கைப்பிடியை முதுகால் மறைத்துக்கொண்டு, “கட்டடமா இது? கோட்டை!” என்றேன். பையன் சிரித்தான். பெண்ணும் சிரித்தாள். இன்னும் ஒரு படி ஏறினால் விடுதலை.

ஃபுசாயே எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாள். கன்னத்தில் பாயின் தடம். என் வெயிலில் படுத்திருந்திருக்கிறாள்.

“தலைவரே, மொட்டைமாடி மறுபடி ஒழுகுதாம். சாரக்காரங்க கீழ காத்துக்கிட்டிருக்காங்க.”

ஜோடி என்னைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. இறங்கிப் போய்விட்டது.

அன்று இரவு சூப்பில் உப்பு கரித்தது.

“எப்படிங்க இருக்கு?” என்றாள்.

“நல்லாருக்கு” என்றேன்.