உறுமியைக் காப்பாற்றுகிறவர்

கலையை வளர்ப்பவர்கள் ஓர் இனம், ரசிப்பவர்கள் இன்னோர் இனம். இரண்டிலும் சேராமல் 'காப்பாற்றுகிறவர்' என்று மூன்றாவதாக ஓர் இனம் பினாங்கில் உலாவுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாத்தேக் சட்டை, கழுத்தில் ஏதோ ஒரு மாநாட்டின் அடையாள அட்டை, அக்குளில் சுருட்டிய பதாகை. நம் கையில் அகப்பட்டவரின் பெயர் சிவநேசன்.

அலுவலகம் லிட்டில் இந்தியாவில், துணிக்கடைக்கு மேல்மாடி. கடைக்காரர் காலையிலேயே ஒலிபெருக்கியில் உறுமி மேளத்தை அலறவிடுவார். "என்னா சத்தம்!" என்று சிவநேசன் முதலில் சன்னலைச் சாத்துவார். அப்புறம் உட்கார்ந்து, உறுமியின் ஓசை மறைந்துவருவதைப் பற்றித் தொண்டை கம்மப் பேசுவார்.

பேச்சோடு நிற்கிற ஆளா? பினாங்கு, இந்தோனேசியாவின் மேடான், தாய்லாந்தின் சொங்க்லா மூன்றையும் இணைத்து மூன்று நாட்டு மேளக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கி, அதற்கொரு சின்னம் வரைந்து, சின்னத்தைச் சட்டையிலும் குவளையிலும் அச்சடித்து, உறுமி வடிவத்தில் சாவிக்கொத்தும் செய்து, இதற்கெல்லாம் 'படைப்புத் தொழில்முனைவு' என்று பெயரும் வைத்துவிட்டார். எல்லாம் இருந்தது. உறுமிதான் இல்லை.

அங்கேதான் சிக்கல். சனிக்கிழமை தொடக்க விழா. மேடானிலிருந்து மேளக்காரர் மைக்கேல் இரண்டு கூட்டாளிகளோடு வருகிறார். பினாங்கு மேளத்தைக் கண்ணில் காட்டினால் தலைமையகம் இங்கே, தலைவர் சிவநேசன். காட்டாவிட்டால் தலைமையகம் மேடானுக்கு விமானம் ஏறிவிடும், தலைவர் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு.

பினாங்கிலேயே ஜெலுத்தோங்கில் உறுமிக் குழு நடத்தும் கிஷனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, உங்க கலை அழிஞ்சிக்கிட்டு இருக்கு. நான் காப்பாத்தப் போறேன். சனிக்கிழம வந்துடுங்க."

"சனிக்கிழம கல்யாணம் இருக்குலா அண்ணே."

"அப்ப விழாவ ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிக்கிறேன்."

"அன்னைக்குக் கோயில் திருவிழா. அடுத்த வாரமும் ஃபுல்லு."

"நான் சொல்றது புரியலையா? அழியுதுப்பா!"

"செவ்வாக்கெழம வேணும்னா அழியலாம்ணே. அன்னைக்கு ஃப்ரீதான்."

வேறு குழுக்களையும் கேட்டார். எங்கேயும் இதே பதில். வேறு யாராவதாக இருந்தால், மேளத்துக்கு இவ்வளவு கிராக்கியா என்று துள்ளியிருப்பார்கள். சிவநேசனுக்கு நெஞ்சு கனத்தது. காப்பாற்ற வருகிறவனுக்கு ஒத்துழைக்காமல் இப்படி நன்றாக இருந்தால் எப்படி?

சனிக்கிழமை வந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, அறிமுகவுரை. சொங்க்லாக்காரர்கள் வரவில்லை, பரவாயில்லை, சின்னத்தில் இருக்கிறார்கள். மைக்கேல் தன் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

"மேளம் எப்பண்ணே?"

"அதுக்குத்தான் வர்றேன். இது முன்னுரை."

படம் காட்ட விளக்கை அணைத்தார்கள். மறுபடி போட்டபோது முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் காலி. மேளமும் இல்லை.

சிவநேசன் பதறிப்போய் மைக்கேலை அழைத்தார். மறுமுனையில் உறுமிச் சத்தம். அதற்கு நடுவில் ஒரு குரல்: "ஜெலுத்தோங் கல்யாண மண்டபம்ணே, வாங்க!"

போனார். வாசலில் மாப்பிள்ளை அழைப்பு. கிஷனின் உறுமி உறும, மைக்கேலின் மேளம் பதில் சொல்ல, செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள் பட்டுப்புடவைக்காரிகள். மாப்பிள்ளைக்கே தோள் துள்ளியது.

"அண்ணே, நானும் கிஷனும் ரெண்டு வருசமா போன்லயே அடிச்சுப் பழகினவங்க. இன்னைக்குத்தான் நேர்ல!" என்று வியர்வையோடு சிரித்த மைக்கேல் ஒரு குச்சியை நீட்டினார். "புடிங்க, நீங்களும் அடிங்க."

"நான் அடிக்கிறவன் இல்லப்பா. காப்பாத்துறவன்."

சொன்னவர் பதாகையை விரித்தார். தூக்கிப் பிடிக்க இரண்டு பேரைச் சேர்த்தார். நடுவில் போய் நின்று கையை உயர்த்தினார்.

"ஒரே நிமிஷம்! மேளத்த நிறுத்துங்க!"

நின்றது. மாப்பிள்ளை தூக்கிய காலோடு நின்றார்.

"யாரு இவரு, பொண்ணு வீடா?" என்றார் ஓர் அம்மாள்.

"மாப்பிள்ள வீடுன்னுல்லக்கா நெனச்சேன்!" என்றார் இன்னொருவர்.

படம் எடுத்தாயிற்று. 'ஓய்ந்துகொண்டிருந்த உறுமிக்கு மூன்று நாடுகள் உயிர் கொடுத்த தருணம்' என்று அதன்கீழ் எழுதி அப்போதே ஊருக்கெல்லாம் அனுப்பினார். தலைமையகம் பினாங்கிலேயே தங்கிவிட்டது. தலைவர் யாரென்று சொல்ல வேண்டுமா? இப்போது அந்தப் படம் அவர் மேசைக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதில் எல்லார் குச்சியும் தொங்கிக்கொண்டிருக்க, சிரிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே கைப்பேசியை எடுத்துப் போன தைப்பூசத்துப் படங்களைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். மேளத்துக்கு முன்னால், மேளத்தை மறைத்துக்கொண்டு, பல்லைக் காட்டி நிற்கிறாரே ஒருவர், அவரை எங்கேயோ, கண்ணாடியில், பார்த்த மாதிரி இல்லை?